எந்த வாய்?

மேடையில் நான் சொல்லுக்குத் தவித்ததில்லை. எதிரணியார் இருமி முடிப்பதற்குள் மறுப்புரையை வரிசைப்படுத்திக்கொண்டு நிற்பவள் என்று தூத்துக்குடியில் என்னைக் கேட்டவர்கள் சொல்வார்கள், அது மிகையில்லை. அப்படிப்பட்டவளை இரண்டெழுத்துச் சொல் ஒன்று ஒரு பருவம் முழுவதும் ஊமையாக்கி வைத்தது. அந்தச் சொல் 'வாய்' என்பதுதான்.

இதை எழுத வீட்டில் ஒருவரிடம் அனுமதி கேட்டேன். "எழுதிக்கோ, பேர மட்டும் போட்டுறாத" என்றார். ஆகையால் இதில் ஒருவர் பேரும் இல்லை, என் பேர் உட்பட. நோய் மட்டும் தன் பேரோடு வருகிறது.

தொடக்கம் சிறியது. விலக்கு நாட்கள் முடிந்த பிறகும் துணியில் இரத்தம் பட்டது. கணவரோடு கூடிய நாளுக்கு மறுநாள் தவறாமல் பட்டது. வலி இல்லை, காய்ச்சல் இல்லை. வலியில்லாத ஒன்றை நோய் என்று யாரிடம் வாதாடுவது? சில மாதம் பொறுத்தேன். பிறகு கணவரிடம், மாதப்போக்கு ஒழுங்கில்லை என்ற அளவில் சொன்னேன். அவர் கருப்பட்டி வியாபாரி, கொழும்புக்குத் தோணியில் சரக்கு அனுப்புகிறவர், எதையும் தள்ளிப்போடாதவர். கார்த்திகை மாதத்தில் ஒருநாள் ஊரில் பேர்பெற்ற டாக்டர் ஒருவரிடம் அழைத்துப் போனார்.

அந்த டாக்டர் என்னைப் பார்க்காமல் என் கணவரைப் பார்த்தே கேள்வி கேட்டார். என் கணவர் திரும்பி என்னிடம் கேட்டார். நான் சொன்னதை அவர் டாக்டரிடம் திருப்பிச் சொன்னார். தமிழிலிருந்து தமிழுக்கு அவர் மொழிபெயர்க்க, நான் அங்கேயே உட்கார்ந்திருந்தேன். என்னைச் சோதிக்கவில்லை, வயிற்றை வெளியிலிருந்து ஒருமுறை அமுக்கியதோடு சரி. பிறகு தீர்ப்பு வந்தது: புற்றாக இருக்கக்கூடும், கர்ப்பப்பையை எடுத்துவிடுவதுதான் பத்திரம், மார்கழி கழிந்து தை பிறந்ததும் செய்துவிடலாம்.

"எந்தச் சான்றைக் கொண்டு சொல்கிறீர்கள்?" என்று கேட்டேன்.

அவர் என் கணவரிடம், "உங்க வீட்டம்மா நிறையப் பேசுவாங்களோ?" என்றார்.

எனக்கு அப்போது பிள்ளை இல்லை. இப்போதும் இல்லை. ஆனால் பிறக்காமல் இருப்பது வேறு, பிறக்க இடமில்லாமல் செய்வது வேறு. சான்றில்லாத ஒரு வாதத்துக்கு என் உடம்பின் ஓர் உறுப்பை விட்டுக்கொடுக்க நான் ஆயத்தமாக இல்லை. புற்று என்றால் எடுக்கட்டும். அதற்குமுன் யாராவது ஒருவர் பார்த்துவிட்டுச் சொல்லட்டும் என்பதே என் கட்சி.

வேண்டி மன்றாடி, கடலோரத்தில் இருந்த பெண்கள் மருத்துவமனைக்கு என்னை அழைத்துப் போகச் செய்தேன். அங்கே டாக்டர் ஒரு சுவிஸ் நாட்டு அம்மையார். அவர் தமிழைப் புத்தகத்தில் படித்துக் கற்றவர். சந்தி பிசகாமல் பேசுவார். திரேஸ்புரத்து மீனவப் பெண்கள் அவர் பேச்சைக் கேட்டு முந்தானையால் வாயை மூடிச் சிரிப்பார்கள். எனக்கோ, அன்று அந்தக் கட்டடத்தில் என் மொழி பேசிய ஒரே ஆள் அவர்தான்.

அவர் என்னிடமே கேட்டார். நானே பதில் சொன்னேன். பிறகு சோதித்துவிட்டு, கையைக் கழுவியபடி விளக்கினார். கர்ப்பப்பை ஒரு கவிழ்த்த சுரைக்காய் போன்றது. அதன் குறுகிய கீழ்முனை பிறப்புப் பாதைக்குள் நீட்டிக்கொண்டிருக்கிறது. அந்த முனையில் ஒரு திறப்பு உண்டு. "அதற்குக் கர்ப்பப்பையின் வாய் என்று பெயர். உங்களுக்கு அவ்விடத்தில் சிவந்த திட்டு ஒன்று உள்ளது. தொட்டால் குருதி கசிகிறது. வெறுங்கண்ணால் பார்த்து அதைப் புற்று என்று சொல்ல இயலாது. புற்று அன்று என்றும் சொல்ல இயலாது."

"பின் எதனால் இயலும்?"

"கோல்போஸ்கோப் என்று ஒரு கருவி உண்டு. இரு கண்ணாலும் பார்க்கும் உருப்பெருக்கிக் கண்ணாடி. உடன் விளக்கும் உண்டு. அது உடம்பினுள் நுழையாது. வெளியில் நின்றே பார்க்கும். என்னுடையது கப்பலில் வந்துவிட்டது. ஆனால் உங்கள் துறைமுகத்துச் சுங்க அலுவலகத்தார் அதை விடுவிக்க மறுக்கின்றனர்."

போர் முடிந்திருந்த சமயம். கண்ணாடி என்றாலே அதிகாரிகளுக்குப் பட்டாளத்து ஞாபகம். இரட்டைக் கண் வைத்த ஒரு கருவி கடலைப் பார்க்க இல்லாமல் வேறு எதைப் பார்க்க என்று கேட்டார்களாம். அம்மையார் தூய தமிழில் சொல்லியிருக்கிறார், அவர்களுக்கு விளங்கவில்லை. உடன் போன நர்ஸ் கடற்கரைக் கத்தோலிக்கப் பெண். "சேசுவே" என்று தலையைக் குனிந்துகொண்டாராம். அதிகாரிகளின் சந்தேகம் உறுதியாகிவிட்டது.

நான் உள்ளே உடுத்திக்கொண்டிருந்த வேளையில், அதே நர்ஸ் தாழ்வாரத்தில் என் கணவரிடம் செய்தி சொல்லியிருக்கிறார். என் தொல்லை அனைத்தும் அங்கே பிறந்தது. குதிரைவண்டியில் ஏறியதும் என் கணவர் முகமெல்லாம் சிரிப்பாகத் திரும்பினார்.

"ஏளா, மொதல்ல பாத்த டாக்டர் சொன்னது பூராவும் பொய்யி. கர்ப்பப்பைக்குள்ள ஒண்ணுமே இல்லியாம். வாயிலதான் புண்ணாம். சிஸ்டர் சொல்லுதாவ."

என்ன துணிவு இவருக்கு என்று வியந்தேன். வண்டிக்காரன் காதுபட இதைச் சொல்லுகிறாரே! அது மட்டுமா, அந்தப் புண் புற்றாக இருக்கலாம் என்ற அச்சமே இல்லாமல் சிரிக்கிறாரே!

"கொஞ்ச நாளைக்குப் பேச்சக் கொறச்சுக்கோ. தானா ஆறிரும்" என்றார்.

அதன் பொருள் எனக்கு அப்போது விளங்கவில்லை. வீட்டுக்குள் நுழைந்து, மாமியாரிடம் அவர் செய்தியை ஒப்புவித்த பிறகுதான் விளங்கிற்று. என் அத்தை சிமினி விளக்கைத் தூக்கிக்கொண்டு எதிரே வந்து நின்றார்.

"வாயத் தொற, பாப்போம்."

திறந்தேன். வேறென்ன செய்வது?

"நாக்க மடக்கு. அங்கன திரும்பு. ஏல, ஒண்ணையுங் காணோமே?"

"உள்ள தள்ளி இருக்குமோ என்னமோ" என்றார் என் கணவர்.

"எல்லாம் சூடுலே. மைக்குல கத்திக் கத்தி ஏறுன சூடு. மேல புண்ணாக் கெளம்பி, கீழ ரத்தமாப் போவுது. நான் அப்பமே சொன்னேன், பொம்பளைக்கு என்னத்துக்கு மேடைன்னு. கேட்டியளா?"

ஒரு பொய் வாதம் எவ்வளவு கச்சிதமாகப் பூட்டிக்கொள்கிறது பாருங்கள்! காரணம் இருக்கிறது, காரியம் இருக்கிறது, மருந்தும் இருக்கிறது. மறுநாள் முதல் எனக்கு மணத்தக்காளிக் கீரையும் தேங்காய்ப்பாலும்தான். மிளகாய் கிடையாது. மீன் கிடையாது. தூத்துக்குடியில் இருந்துகொண்டு மீன் வாடையை மட்டும் தின்றேன். எனக்காக என் கணவரும் உறைப்பை விட்டார். "ஒனக்கு மட்டும் தனியா எதுக்கு? நானும் இதையே திங்கேன்" என்று கீரையைப் பிசைந்து, முகம் சுளிக்காமல் விழுங்குவார். அவர் மேல் கோபப்படவும் எனக்கு வழியில்லாமல் போயிற்று.

வீடே தேறிவிட்டது. நான் ஒருத்திதான் பயந்துகொண்டிருந்தேன். தை நெருங்க நெருங்க என் அச்சம் வளர்ந்தது. அவர்கள் நிம்மதியும் வளர்ந்தது.

ஒருநாள் நண்பகலில் கடைக்குப் பின்னால் இருந்த சரக்கறைக்குப் போனேன். கருப்பட்டிப் பெட்டிகளுக்கு நடுவே நின்று நான் பேச்சுப் பழகிய இடம் அது. என் கணவர் பெட்டிகளைத் தட்டிப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"நீங்கள் நினைப்பதுபோல அது இந்த வாய் இல்லை" என்றேன்.

"பொறவு எந்த வாய்?"

விடை எனக்குத் தெரியும். அம்மையார் அதை இலக்கணப் பிழையின்றி எனக்குக் கொடுத்திருந்தார். பெண்ணுக்குச் சொத்துரிமை என்பதைப் பற்றி ஆயிரம் பேர் நடுவே முழங்கியவள் நான். ஆனால் என் பேச்சுப் பயிற்சியில் எங்கும் இடுப்புக்குக் கீழே ஓர் உறுப்பு இருந்ததில்லை. தாய்மை உண்டு, கற்பு உண்டு, பெண்ணினம் உண்டு. பெண்ணுக்கு உடம்பு இல்லை. நான் நாவைத் தயார் செய்வதற்குள் மூட்டை தூக்குகிறவர்கள் உள்ளே வந்தார்கள். "என்ன மதினி, வாய்ப்புண்ணு ஆறிட்டா?" என்று அவர்களில் ஒருவர் அன்போடு கேட்டார். திரும்பி வந்துவிட்டேன்.

அதே வாரத்தில் எங்கள் சொற்போர் மன்றத்தின் கூட்டம் நடந்தது. நான் போக வீட்டில் விடவில்லை. எதிரணிப் பேச்சாளர் மேடையேறி, "அம்மையாருக்கு வாயில் புண்ணாம், நம் காதில் இருக்கும் புண்ணாவது இதற்குள் ஆறட்டும்" என்றாராம். கைதட்டல் பலமாக இருந்ததாம். இதற்கு மறுப்புரை என்னிடம் இருந்தது. அதைச் சொல்ல வேண்டுமானால் எந்த வாய் என்று சொல்ல வேண்டும். எதிரி தன்னை அறியாமலேயே என்னை வென்றுவிட்டார்.

இதற்கிடையில் நர்ஸ் கடைக்கு வந்து, சுங்க அலுவலகத்தில் தெரிந்தவர் உண்டா என்று என் கணவரிடம் கேட்டிருக்கிறார். உண்டு. மறுநாளே அவர் போனார். திரும்பி வந்து, முற்றத்தில் நின்றபடி நடந்ததை நடித்தே காட்டினார்.

அங்கிருந்த குமாஸ்தா, "என்ன அண்ணாச்சி, கருப்பட்டிய விட்டுட்டுத் தொரைச்சாணி பெட்டிக்கு வந்திருக்கிய?" என்று கேட்டாராம்.

"அது ஆஸ்பத்திரிச் சாமான்வே. விட்டுருங்க."

"ரெண்டு கண்ணுல்லா இருக்கு? எதப் பாக்கதுன்னு ஒருத்தரும் வெளங்கச் சொல்ல மாட்டேங்காவளே."

"வாயப் பாக்கது."

"வாயவா?"

"ஆமா. என் வீட்டுக்காரிக்கு வாயில புண்ணு. அதப் பாக்கத்தான் கப்பல்ல வந்திருக்கு."

"ஆரு, மேடையில பேசுவாவளே, அவியளா? அப்படின்னா இம்புட்டுப் பெரிய கண்ணாடி வேணும்தான்!"

அலுவலகமே சிரித்ததாம். பல் வைத்தியச் சாமான் என்று எழுதிப் பெட்டியை விட்டுவிட்டார்கள்.

அத்தையும் சிரித்தார். நான் அறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டேன். உண்மையைச் சொன்னவர்களால் மீட்க முடியாத கருவியை ஒரு பிழை மீட்டுக் கொடுத்துவிட்டது. சொல்லை நம்பி வாழ்கிறவளுக்கு இதைவிட அவமானம் என்ன இருக்கிறது? நன்றி சொல்லவும் மனமில்லை, கோபிக்கவும் நியாயமில்லை.

மார்கழியின் கடைசி வாரத்தில் என்னை மருத்துவமனையில் சேர்த்தார்கள். சோதனை எப்படி இருக்கும் என்று எனக்கு முன்கூட்டிச் சொல்ல ஒருவர் இருந்திருந்தால் பாதி அச்சம் குறைந்திருக்கும். ஆகையால் மற்றவர்களுக்காகச் சொல்கிறேன். முழங்காலை மடக்கி, கால்களை அகற்றி மல்லாந்து படுக்க வேண்டும். பாதையைத் திறந்துவைக்க உலோகக் கருவி ஒன்றை வைப்பார்கள். அது குளிர்ச்சியாக இருக்கும், இறுக்கமாக இருக்கும், கூச்சம் கொல்லும். ஆனால் வெட்டுகிற வலி இல்லை. கோல்போஸ்கோப் ஒரு தாங்கியில், கட்டிலின் கால்மாட்டில், விளக்கோடு நிற்கும். அதன் வழியாக டாக்டர் அந்த வாயைப் பல மடங்கு பெரிதாகக் காண்பார்.

முதலில் பஞ்சில் எதையோ நனைத்துத் தடவினார்கள். எரிந்தது. வாடை தெரிந்த வாடையாக இருந்தது.

"என்ன அது?"

"வினாகிரிதான்" என்றார் நர்ஸ், என் கையைப் பிடித்துக்கொண்டு. "ஊறுகாய்க்கு ஊத்துவோம்லா, அந்த இனம். டாக்டரம்மா இதத் தண்ணி கலந்து வச்சிருக்காவ."

அந்தக் காடியின் புளிப்புப் பட்டால் கெட்டுப்போன இடம் வெளுத்துக் காட்டுமாம். அடுத்தது அயோடின். நலமாக உள்ள தோல் அதைக் குடித்துக் கருப்பட்டி நிறமாக மாறும். ஐயத்துக்குரிய தோல் குடிக்காமல் வெளிறி நிற்கும். இதையெல்லாம் கண்ணாடியில் கண் வைத்தபடியே அம்மையார் எனக்குச் சொல்லிக்கொண்டு வந்தார். நான்தான் கேட்டிருந்தேன்: கண்டதை மறைக்காமல் சொல்லுங்கள் என்று.

"ஓரிடம் வெளுக்கிறது. அயோடினும் ஏறவில்லை. ஐயம் உண்டு."

"புற்றா?"

"ஐயம் உண்டு என்றேன். முடிவு சொல்லவில்லை."

அந்த இடத்திலிருந்து அரிசியளவு சதையைக் கிள்ளி எடுத்தார். சுருக்கென்று ஒரு வலி, அவ்வளவே. அதைச் சென்னைக்கு அனுப்பி, வேறொருவர் நுண்ணோக்கியில் பார்த்து முடிவு சொல்ல வேண்டுமாம். எனக்கு ஆத்திரம் பொங்கிற்று. இத்தனை பாடுபட்டுக் கொண்டுவந்த கருவியும் தீர்ப்புச் சொல்லாதா? இல்லை. எந்த இடத்திலிருந்து சதை எடுக்க வேண்டும் என்று காட்டுவதே அதன் வேலை. சான்று எங்கே கிடக்கிறது என்று அது சுட்டும். சான்றை வேறொருவர் படிக்க வேண்டும். குருடாகக் கிள்ளினால் நோயுள்ள இடம் தப்பிவிடும். இதை நான் பிறகு ஒப்புக்கொண்டேன். அன்று ஒப்பவில்லை, அம்மையாரிடம் குரலை உயர்த்தினேன். அவர், "நீங்கள் சினம் கொள்வது நியாயமே" என்று சொல்லிவிட்டு அடுத்த கட்டிலுக்குப் போனார்.

கிள்ளிய இடத்தில் இரத்தம் நிற்கத் தாமதமாகவே, சென்னையிலிருந்து பதில் வரும்வரை என்னை அங்கேயே வைத்துக்கொண்டார்கள். கட்டில் இரும்பிலெல்லாம் உப்புக்காற்றால் துரு பூத்திருக்கும். துறைமுகத்தில் தோணிக்காரர்கள் கூவுவது கேட்கும். தபால்காரர் வரும் நேரத்தில் மட்டும் எனக்கு எதுவும் கேட்காது. புற்று என்று வந்தால் தையிலேயே கத்தி. அந்த ஒரு சொல்லுக்காகக் காத்துக் கிடந்தேன். வாதிட எதிரில் ஒருவரும் இல்லாத காத்திருப்பு அது.

அத்தை நாள்தோறும் தூக்குச்சட்டியில் கஞ்சியும் கீரையும் கொண்டு வருவார். வெயிலில் நடந்தே வருவார். கால்வலி என்று சொல்லிச் சில வருடமாகக் குலசை அம்மன் கோயில் தசராவுக்கே போகாதவர், மருத்துவமனைக்கு மட்டும் எப்படி நடக்கிறார் என்று எனக்குள் குத்தலாக நினைத்துக்கொள்வேன். வந்ததும் வார்டு முழுவதற்கும் என் நோயை அறிவிப்பார்.

பக்கத்துக் கட்டிலில் உப்பளத்தில் வேலை செய்யும் ஒருத்தி படுத்திருந்தாள். அவள் ஒருநாள், "ஏக்கா, வாயில புண்ணுன்னா எதுக்குக் கால்மாட்டுல திரை கட்டிப் பாக்காவ?" என்று கேட்டுவிட்டாள்.

"வெள்ளக்காரி வைத்தியம் அப்படித்தான் இருக்கும். ஒனக்கென்ன தெரியும்?" என்றார் அத்தை. சொல்லிவிட்டு, அந்தத் திரையைச் சற்று நேரம் பார்த்துக்கொண்டே இருந்தார்.

தை பிறந்த பிறகு பதில் வந்தது. புற்று இல்லை. நாள்பட்ட அழற்சி, அதாவது ஆறாமல் கிடக்கும் புண். கர்ப்பப்பையை எடுக்க வேண்டியதில்லை. அந்த இடத்தை மட்டும் மின்சாரக் கம்பியால் பொசுக்கினால் புதுத்தோல் வரும். அவ்வப்போது வந்து கண்ணாடியில் காட்டிக்கொள்ள வேண்டும். அம்மையார் தாளைப் படித்து முடித்ததும், "உங்கள் கட்சி வென்றது" என்றார். கைதட்டல் இல்லாத வெற்றி. முகத்தைச் சுவர்ப்பக்கம் திருப்பிக்கொண்டு அழுதேன்.

பொசுக்கப் போகிறார்கள் என்று கேட்டு அத்தை மட்டும் மறுப்புச் சொன்னார்: "சூட்டால வந்த புண்ணுக்குச் சூடு போடுதாவளா? நல்லா இருக்கே!"

எல்லாம் ஆறி நான் வீடு திரும்பிய அன்று, அத்தை மீன்குழம்பு வைத்திருந்தார். சிவக்கச் சிவக்க மிளகாய் அரைத்து விட்ட குழம்பு. என் தட்டில் ஊற்றிவிட்டு எதிரே குந்திக்கொண்டார்.

"மெதுவாத் தின்னு. வாய் எரிஞ்சாச் சொல்லிரு."

அத்தனை மாதம் அடக்கியது அந்த ஒரு வரியில் உடைந்தது. மேடைக் குரல் என்னைக் கேளாமலே வந்தது.

"அத்தை! அது இந்த வாய் இல்லை. கர்ப்பப்பையின் வாய். பிள்ளை வெளியே வருகிற வாய். அங்கேதான் புண். அங்கேதான் கண்ணாடி வைத்துப் பார்த்தார்கள், அங்கேதான் சூடு போட்டார்கள். என் நாக்கில் ஒருநாளும் ஒன்றும் இல்லை!"

என் கணவர் பிசைந்த சோற்றோடு கையை நிறுத்தினார்.

"அப்ப கஸ்டம்ஸ்ல அத்தன பேரு முன்னால நான் என்னத்தளா சொல்லிட்டு வந்திருக்கேன்?" என்றார். பிறகு கையைக் கழுவிக்கொண்டு கடைப்பக்கம் போய்விட்டார். போகும்போது அவர் காதுகள் சிவந்திருந்தன.

அத்தை அசையவில்லை. என் தட்டையே பார்த்துக்கொண்டிருந்தார். திட்டப் போகிறார் என்று மறுப்புரைகளை அடுக்கிக்கொண்டேன்.

"ரத்தம் பட்டுச்சோ?" என்று கேட்டார்.

"பட்டுக்கொண்டேதான் இருந்தது."

"வலிக்கலியோ?"

"இல்லை."

அவர் எழுந்து கதவுவரை போய், வெளியே பார்த்துவிட்டு, திரும்பி வந்து உட்கார்ந்தார்.

"நான் குலசைக்குப் போவாம இருக்கது கால்வலியால இல்லளா" என்றார். "எனக்கு எல்லாம் நின்னு எத்தனையோ வருசமாச்சு. நின்னது திரும்பவும் படுது. அந்த உடம்போட எப்படிக் கோயிலுக்குள்ள நொழைய?" பிறகு என் தட்டில் இன்னொரு துண்டு மீனை வைத்தபடி கேட்டார்: "அந்தக் கண்ணாடியில வயசான பொம்பளையளையும் பாப்பாவளா?"

அடுக்கி வைத்திருந்தது ஒன்றும் உதவவில்லை. "பார்ப்பார்கள் அத்தை. நாளைக்கே போவோம்" என்றேன்.

"போவோம். ஆனா ஆரும் கேட்டா, வாயில புண்ணுன்னே சொல்லிக்கிடுவோம். என்னளா?"

மறுநாள் விடிந்ததும் தெருவில் கீரைக்காரியை நிறுத்தி மணத்தக்காளிக் கட்டு இரண்டு வாங்கினேன்.

"ஒங்களுக்கு இன்னும் ஆறலியா?" என்று கேட்டாள்.

"எனக்கு ஆறிவிட்டது. இது அத்தைக்கு. வாயில் புண்" என்றேன்.